சிலிக்கான் இணைப்பில் கறுப்பு: துடைப்பதா, அறுத்தெடுப்பதா?

குளியலறையில் சுவரும் தரையும் சேரும் மூலை, வாஷ்பேசினின் பின்விளிம்பு, சமையல் மேடையில் சிங்க்கைச் சுற்றிய கோடு ஆகிய மூன்று இடங்களிலும் வெள்ளை வெளேரென்று இட்ட சிலிக்கான், ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் புள்ளி புள்ளியாகக் கறுத்துவிடுகிறது. டியூப் மட்டம், போட்டவர் கைராசி சரியில்லை என்று பழி வேறு எங்கோ போகிறது. தீர்ப்புச் சொல்வதற்கு முன் உங்கள் குளியலறையையே ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஒரே ஆள், ஒரே நாளில், ஒரே டியூபிலிருந்து இட்ட கோடுகள்தான் எல்லாம். ஆனால் மூலையில் செங்குத்தாக ஏறும் கோடு இடுப்புயரத்துக்கு மேலே பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். தரையோடு படுத்துக்கிடக்கும் கோடுதான் கறுத்திருக்கும். அதிலும் நடுவில் குழிவாக வழித்துவிட்ட இடம் முதலில் கறுத்திருக்கும். சரிவாக நிற்கும் இடம் தப்பித்திருக்கும். பொருள் ஒன்றே. மாறியது தண்ணீர் நிற்கும் நேரம். இந்த அத்தியாயம் முழுவதும் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான்: கறுப்பைப் போக்குவது அரை வேலை, அந்தக் கோடு ஈரமாகக் கிடக்கும் மணிநேரத்தைக் குறைப்பதுதான் மீதி அரை.

பூஞ்சைக்கு என்ன வேண்டும்

சிலிக்கான் பூஞ்சைக்கு நல்ல சாப்பாடு அல்ல. அதன்மேல் படியும் சோப்புக் கசடு, தலைக்குத் தேய்த்த எண்ணெய், தோல் செதில், சமையலறை என்றால் உணவுத் துணுக்கு ஆகியவைதான் சாப்பாடு. போர்வெல் தண்ணீர் புழங்கும் வீடுகளில் உப்புப் படிந்து மேற்பரப்பு சொரசொரப்பாவதால் அந்தக் கசடு இன்னும் இறுகப் பிடித்துக்கொள்கிறது. பூஞ்சையின் விதைத்துகள்கள் காற்றெங்கும் உண்டு; அவற்றை வீட்டிலிருந்து விரட்ட முடியாது. சாப்பாட்டைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. நம் கையில் முழுதாக இருப்பது ஈரம் ஒன்றுதான். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் அளவு. நான்கு பேர் காலையும் மாலையும் குளிக்கும் வீட்டில், தரையோர இணைப்பு ஒருநாளும் முழுதாக உலர்வதில்லை. சென்னை போன்ற கடலோர ஊர்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றே ஈரம் சுமந்து நிற்பதால் நிலைமை இன்னும் மோசம்.

முதல் வேலை: எவ்வளவு ஆழம் போயிருக்கிறது?

கறுப்பைக் கண்டதும் பிளீச் பாட்டிலை எடுப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. மேலே படிந்த பூஞ்சைக்கும் உள்ளே இறங்கிய பூஞ்சைக்கும் வைத்தியம் வேறு வேறு. கீழ்க்கண்ட சோதனைக்குப் பத்து நிமிடம் போதும்.

1. ஒரு சாண் நீளத்துக்கு இணைப்பைச் சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்துக் கழுவித் துடையுங்கள். இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ வழவழவென்று இருந்த படலம் இதிலேயே போய்விட்டால் அது பூஞ்சையே அல்ல, பெரும்பாலும் பாக்டீரியா. வாரம் ஒருமுறை சோப்புக் கழுவலும் உலர்த்தலும் போதும்.

2. கறுப்பு மிஞ்சினால், கையுறை போட்டுக்கொண்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியைத் துணி வெளுக்கும் திரவ பிளீச்சில் தோய்த்து ஒரு புள்ளியின்மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். வெளிறினால் கறுப்பு மேலாக இருக்கிறது. அசையாமல் இருந்தால் உள்ளே இறங்கியிருக்கிறது.

3. கோட்டின் இரு ஓரங்களையும் விரல் நகத்தால் நெம்பிப் பாருங்கள். நல்ல சிலிக்கான் டைல்ஸோடு ஒட்டி நிற்கும். ஓரம் உதடு போலப் பிரிந்தாலோ, அழுத்தும்போது அடியிலிருந்து பழுப்பு நீர் கசிந்தாலோ, பின்புறம் தண்ணீர் தேங்கியிருக்கிறது.

4. நிறமற்ற சிலிக்கான் என்றால் டார்ச் அடித்துப் பாருங்கள். புள்ளிகள் மேற்பரப்பில் இருக்கின்றனவா, கண்ணாடிக்கு அடியில் தெரிவதுபோல் சாம்பல் நிழல் கீழே தெரிகிறதா என்பது விளங்கிவிடும்.

புள்ளி வெளிறி, ஓரமும் உறுதியாக இருந்தால் கழுவினால் போதும். ஓரம் பிரிந்திருந்தால், நிறம் எப்படி இருந்தாலும் அறுத்தெடுக்க வேண்டும். ஓரம் உறுதி, ஆனால் புள்ளி வெளிறவில்லை என்றால் ஒருமுறை ஊறவைத்துப் பார்க்கலாம். அதிலும் போகாவிட்டால் அறுப்பதுதான் வழி.

கை வைக்கும் முன் பாதுகாப்பு

நம் வீடுகளில் இந்த வேலையின் பெரிய ஆபத்து உப்புக்கறையிலிருந்து வருகிறது. உப்புக்கறைக்கு ஆசிட் ஊற்றுவது வழக்கம். கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதே தரையில், அதே காலையில், பூஞ்சைக்கு பிளீச் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சிறிய குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும். உயிருக்கே உலை வைக்கும். வினிகர், எலுமிச்சைச் சாறு, அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம், ஸ்பிரிட் எதையும் பிளீச்சோடு சேர்க்கக்கூடாது. “கொஞ்சம்தானே, வேகமாக வேலை முடியும்” என்பவர்களுக்கு ஒரே பதில்: கலந்ததும் கிளம்பும் நச்சு வாயு, மிச்சமாகும் நேரத்துக்கு ஈடாகாது.

- ஆசிட் போட்ட அன்று பிளீச் வேண்டாம். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மறுநாள் தொடங்குங்கள்.
- ரப்பர் கையுறை, கண்ணாடி, பழைய உடை அவசியம். கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும்.
- ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள் அருகில் இருக்க வேண்டாம்.
- பிளீச்சை ஸ்பிரே பாட்டிலில் அடிக்காதீர்கள். துளி மூக்கிலும் கண்ணிலும் படும். குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதும் கூடாது.
- கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். நெடி தாக்கி இருமல் வந்தால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கழுவித் துடைக்கும் முறை

தேவையானவை: சோடியம் ஹைப்போகுளோரைட் என்று லேபிளில் போட்ட திரவ பிளீச், பஞ்சு அல்லது டிஷ்யூ பேப்பர், பிளாஸ்டிக் கிண்ணம், டூத் பிரஷ், உலர்ந்த துணி. பிளீச் புதிதாக இருக்கட்டும். வெயிலும் சூடும் பட்ட பாட்டில் நாளடைவில் வீரியம் இழந்துவிடும். ஜன்னல் மேடையில் ஒரு வருடமாக நிற்கும் பாட்டிலை நம்ப முடியாது.

1. சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கசடு நீக்கி, கழுவி, துணியால் ஒற்றி எடுங்கள். கசடு இருந்தால் பிளீச்சின் வீரியம் அதிலேயே செலவாகிவிடும். ஈரம் இருந்தால் நீர்த்துவிடும்.

2. ஒரு பங்கு பிளீச்சுக்கு மூன்று பங்கு சாதாரணத் தண்ணீர் சேருங்கள். வெந்நீர் வேண்டாம்.

3. பஞ்சைத் திரி போலத் திரித்து அதில் நனைத்து, கோட்டின்மேல் நீளமாகப் படியவையுங்கள். செங்குத்துக் கோட்டில் டிஷ்யூ பேப்பரை நனைத்து ஒட்டினால் நிற்கும். சும்மா ஊற்றிவிட்டால் பிளீச் வழிந்து வடிகாலுக்குப் போய்விடும்; வேலை செய்வது தொட்டுக்கொண்டிருக்கும் நேரம்தான்.

4. அரைமணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். கறுப்பு மிச்சமிருந்தால் புதிய திரியை இன்னும் ஒரு மணி நேரம் வையுங்கள். ஸ்டீல் சிங்க், குரோமியக் குழாய் அருகில் 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிளீச் எஃகில் புள்ளிக்குழி விழவைக்கும்.

5. நிறையத் தண்ணீரால் கழுவி, துடைத்து, அன்று முழுவதும் உலரவிடுங்கள்.

குறிப்பு: பிளீச்சிங் பவுடர்தான் கையில் இருக்கிறது என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு சுமார் 30 கிராம் கரைத்து, தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். அடியில் நிற்பது சுண்ணாம்பு. அது கோட்டில் வெள்ளையாகப் படிந்து கறுப்பு போய்விட்டதுபோல் ஏமாற்றும்.

வெள்ளையாகிவிட்டது, பூஞ்சை போய்விட்டதா?

பூஞ்சையின் கறுப்பு, அதன் செல்சுவரில் இருக்கும் மெலனின் என்ற நிறமி. பிளீச் அந்த நிறமியை வெளுக்கிறது; தொட்ட பூஞ்சையைக் கொல்லவும் செய்கிறது. ஆனால் சிலிக்கானுக்கு அடியிலோ பிரிந்த ஓரத்துக்குப் பின்னாலோ இருக்கும் பூஞ்சையை அது தொடுவதே இல்லை. ஆகவே வெள்ளை நிறம் வெற்றிக்குச் சான்று அல்ல. மாறாக, செத்த பூஞ்சையின் கறை நிறம் மாறாமல் கிடக்கவும் கூடும். எனவே கறுப்பு எஞ்சியிருப்பதும் தோல்விக்குச் சான்று அல்ல. உண்மையான சான்று, கறுப்பு எங்கே, எப்படித் திரும்பி வருகிறது என்பதுதான். கழுவிய அன்று கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நான்கு வாரம் கழித்து இன்னொன்று எடுங்கள். முன்பிருந்த அதே இடத்தில் அதே வடிவத்தில் வந்தால் வேர் உள்ளே இருக்கிறது. இனி எத்தனை பாட்டில் ஊற்றினாலும் வீண். புதிய இடங்களில் மெல்லிய படலமாக வந்தால் சிலிக்கான் நன்றாகவே இருக்கிறது, ஈரம்தான் நீங்கவில்லை.

வினிகர் போதாதா, இயற்கையானதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. வினிகரின் அமிலம் சில பூஞ்சைகளை அடக்கும் என்பது சரி. ஆனால் கறுப்பு நிறமியை அது வெளுப்பதில்லை. பளிங்குக் கல்லை அரித்து மங்கலாக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வினிகரில் திருப்தியடையாதவர் அடுத்து எடுப்பது பிளீச்சைத்தான். ஈரம் காயாத வினிகர்மேல் பிளீச் விழுவது மேலே சொன்ன அதே விபத்து. கறுப்பு பார்வைக்குத்தான் அசிங்கம், இருந்துவிட்டுப் போகட்டுமே என்ற வாதத்திலும் பாதி உண்மை உண்டு. நல்ல ஆரோக்கியம் உள்ளவருக்கு ஓரிரு புள்ளிகளால் பெரிய தீங்கில்லை. ஆனால் ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் உள்ளவர்களுக்கு அது தூண்டுதல் ஆகலாம். ஓரம் பிரிந்த கோட்டில் தெரியும் கறுப்பு, தண்ணீர் டைல்ஸுக்கு அடியில் போய்க்கொண்டிருப்பதன் அடையாளமும்கூட. அடுக்குமாடியில் அது கீழ்வீட்டுக் கூரையில் ஈரத்திட்டாக வெளிப்படும்போது செலவு சிலிக்கான் டியூபோடு நிற்காது.

அறுத்தெடுத்துப் புதிதாக இடும் முறை

பழைய சிலிக்கான்மேல் புதிய சிலிக்கானைப் பூசி மறைப்பது நாம் அதிகம் காணும் குறுக்குவழி. புதிய சிலிக்கான் காய்ந்த பழைய சிலிக்கானோடு சரியாக ஒட்டுவதில்லை. இரண்டுக்கும் நடுவே முடியிழை அகலத்தில் ஓர் இடுக்கு உண்டாகி, தண்ணீர் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். முன்பு மேலே இருந்த பூஞ்சை இப்போது கைக்கெட்டாத இடத்தில் வளரும். வெள்ளை சிமென்ட் வைத்து அடைப்பதும் தீர்வல்ல: சிங்க்கும் கிரானைட்டும் சூட்டில் வேறு வேறு அளவில் விரிவதால் விறைத்த சிமென்ட் விரிசல் விட்டுவிடும்.

வாங்கும்போது இரண்டு வகையைப் பிரித்தறியுங்கள். இடும்போது வினிகர் நெடி அடிப்பது அசிட்டாக்ஸி வகை. பளபளப்பு டைல்ஸ், கண்ணாடி, பீங்கான் ஆகியவற்றுக்கு ஏற்றது. பளிங்கு, கிரானைட், முகம்பார்க்கும் கண்ணாடியின் பின்புறம், உலோகம் ஆகியவற்றுக்கு நெடியில்லாத நியூட்ரல் வகைதான் வேண்டும். மற்றது கல்லில் கறை விடும், உலோகத்தை அரிக்கும். குளியலறைக்கென்று பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்த்த சானிட்டரி வகையைக் கேட்டு வாங்கி, காலாவதித் தேதியையும் பாருங்கள். பழைய டியூப் கடைசிவரை இறுகாமல் பிசுபிசுத்துக் கிடக்கும். 280 மில்லி டியூப் ஒன்று, 6 மில்லிமீட்டர் அகல மூலைக்கோடு என்றால் கணக்குப்படி 15 மீட்டர் வரும். வீணாவது போக ஒரு குளியலறைக்கு ஒன்று போதும்.

ஒரே குளியலறை உள்ள வீட்டில் வெள்ளி இரவு அறுத்து, சனி முழுக்க உலர்த்தி, சனி இரவு இட்டு, ஞாயிறு இரவுக்குப் பின் புழங்கத் தொடங்குவது நடைமுறைக்கு ஒத்துவரும். பிப்ரவரி முதல் மே வரையிலான மாதங்கள் இதற்கு உகந்தவை.

1. கோட்டின் இரு ஓரங்களிலும் கட்டர் பிளேடைச் சாய்த்துப் பிடித்து நீளமாகக் கீறுங்கள். பிளேடு உங்களை நோக்கி வரவேண்டாம். மற்றக் கை வெட்டும் பாதையில் இருக்கவேண்டாம். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் நாடாவாக உரிந்து வரும்.

2. எஞ்சிய தோலைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள். முடிந்ததா என்பதைத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: சுத்தமான டைல்ஸில் நீர் பரவும்; சிலிக்கான் ஒட்டியிருக்கும் இடத்தில் முத்து முத்தாகத் திரளும். முத்து தெரியும் இடமெல்லாம் மறுபடி சுரண்டுங்கள்.

3. திறந்த இடுக்கில் மேலே சொன்ன பிளீச் கலவையை அரைமணி நேரம் வைத்து, கழுவித் துடையுங்கள்.

4. குறைந்தது 24 மணி நேரம், மழைக்காலம் என்றால் இரண்டு நாள் உலரவிடுங்கள். கதவருகில் டேபிள் ஃபேன் வைக்கலாம்; ஈரத்தரையில் வயர் படக்கூடாது. சிலிக்கான் இறுகுவதற்குக் காற்றின் ஈரம் தேவை. அதனால் மழைநாளிலும் இடலாம் என்று சிலர் சொல்வது உண்மையே. ஆனால் காற்றில் ஈரம் இருப்பது வேறு, இடுக்கில் ஈரம் இருப்பது வேறு. பின்னது இருந்தால் ஒட்டாது.

5. இடுவதற்குச் சற்று முன் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். முன்பு வைத்த பிளீச் முழுதும் கழுவப்பட்டிருக்க வேண்டும். அருகில் தீ கூடாது. 6 மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற இடுக்கில் முதலில் ஃபோம் கயிற்றை உள்ளே செருகுங்கள்.

6. இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மூக்கை 45 டிகிரி சாய்வில், இடுக்கைவிடச் சற்றுச் சிறிய துளை வரும்படி வெட்டி, கன்னில் பொருத்தி, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக இடுங்கள்.

7. ஐந்து நிமிடத்துக்குள் வழித்துவிடுங்கள். சோப்புத் தண்ணீர் விரலில் மட்டும் இருக்கட்டும். சிலிக்கான் ஒட்டவேண்டிய டைல்ஸில் பட்டால் ஒட்டாது. நடுவில் குழி விழாமல் வெளிப்பக்கம் சரிவு வரும்படி வழிப்பதில்தான் கோட்டின் ஆயுளே இருக்கிறது.

8. ஈரமாக இருக்கும்போதே டேப்பைச் சாய்வாக இழுத்து எடுங்கள். 24 மணி நேரம் தண்ணீர் படவேண்டாம்; தடித்த கோடு என்றால் இன்னும் ஒருநாள் விடுங்கள்.

குறிப்பு: வெஸ்டர்ன் கமோடின் அடியில் பின்பக்கம் இரண்டு விரல் இடைவெளியை அடைக்காமல் விடுங்கள், உள்ளே கசிவு ஏற்பட்டால் வெளியே தெரியும். யுபிவிசி ஜன்னல் சட்டத்தில் நீர் வடியும் துளைகளையும் அடைத்துவிடாதீர்கள்.

திரும்ப வராமல் இருக்க

பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்த்த சிலிக்கான் இட்டாயிற்றே, இனி எதற்குக் கவலை என்று தோன்றலாம். அந்த மருந்து வேலை செய்வதே கொஞ்சம் கொஞ்சமாக மேற்பரப்புக்குக் கசிந்து வருவதால்தான். தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு வேகமாக அது கழுவப்பட்டுத் தீர்ந்துபோகும். உலரும் குளியலறையில் பல ஆண்டு உழைக்கும் அதே மருந்து, எப்போதும் நனைந்து கிடக்கும் குளியலறையில் சீக்கிரம் தீர்ந்துவிடும். விலை கூடிய டியூப் நமக்கு அவகாசம் வாங்கித் தருகிறது. அந்த அவகாசத்தை உலர்த்தும் பழக்கத்தால்தான் காப்பாற்ற முடியும்.

1. கடைசியாகக் குளிப்பவர் வைப்பரால் சுவரையும் தரையையும் வழித்து, மூலைக்கோட்டைத் துணியால் ஒருமுறை இழுத்துவிடட்டும். வேலை ஒரு நிமிடம். பலன் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம்.

2. எக்ஸாஸ்ட் ஃபேன் குளித்தபின் 20 முதல் 30 நிமிடம் ஓடட்டும். 8 அடி நீளம், 5 அடி அகலம், 9 அடி உயரம் கொண்ட குளியலறையின் கொள்ளளவு 360 கன அடி. மணிக்கு எட்டு முறை காற்று மாற நிமிடத்துக்கு 48 கன அடி போதும். கதவு சாத்தியிருக்கும்போது காற்று உள்ளே வரக் கதவின் கீழ் விரல் நுழையும் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஃபேன் சுற்றும், காற்று மாறாது.

3. ஷாம்பு பாட்டில், சோப்புப் பெட்டி, வாளி ஆகியவற்றை இணைப்பை ஒட்டி வைக்காதீர்கள். அடியில் சிக்கும் நீர் உலராது. நனைந்த துண்டை வெளியே காயப்போடுங்கள்.

4. வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரால் கோட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். பிளீச் மாதாந்தர வழக்கமாக வேண்டாம். அது தேவைப்பட்டுக்கொண்டே இருந்தால் உலர்த்தலில் ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

5. சொட்டும் குழாயைச் சரிசெய்யுங்கள். இரவெல்லாம் சொட்டினால் மேலே சொன்ன நான்கும் பயனற்றுப் போகும்.

மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரமாயிருக்க ஃபேன் எதற்கு என்பது நியாயமான கேள்வி. வெந்நீர்க் குளியலுக்குப் பின் உள்ளே இருக்கும் சூடான காற்றில் நீராவி அதன் எல்லைவரை நிறைந்திருக்கும். வெளியே இருப்பது அதைவிடக் குளிர்ந்த காற்று, அதில் நீராவியின் அளவு குறைவு. ஆகவே காற்று மாறினால் ஆதாயமே. ஆனால் மாறிய காற்றும் ஈரக்காற்று என்பதால் உலர்வது மெதுவாகும். அந்த மூன்று மாதமும் ஃபேனை மட்டும் நம்பாமல் துணியை நம்ப வேண்டும். நீராவியாகிப் போகக் காத்திருக்காமல் தண்ணீரைத் தண்ணீராகவே துடைத்து எடுத்துவிட்டால், காற்றின் ஈரம் எவ்வளவாக இருந்தாலும் பாதகமில்லை.

அடுத்த முறை ஹார்டுவேர் கடைக்குப் போவதற்கு முன் இந்த வரிசையில் சரிபாருங்கள்: குழாய் சொட்டுகிறதா, கதவடி இடைவெளி உண்டா, ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறதா, வைப்பர் குளியலறைக்குள் கைக்கெட்டும் இடத்தில் தொங்குகிறதா. ஃபேன் சோதனைக்கு ஒரு டிஷ்யூ பேப்பரை அதன் கம்பிவலையில் வைத்துப் பாருங்கள். உறிஞ்சிப் பிடித்துக்கொண்டால் சரி, விழுந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இறக்கையைச் சுத்தம் செய்யுங்கள். இந்த நான்கும் சரியான பிறகு வாங்கும் டியூப்தான் கொடுத்த காசுக்கு உழைக்கும்.